குலவைக்கு நின்ற குதிரை

என் பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பார்க்கிறேன். புரியாத இடத்தில் அம்மாவிடம் கேளுங்கள். அவளும் இதில் வருகிறாள். தன்னைப் பற்றி நான் ஏதாவது கூட்டி எழுதியிருந்தால் அவளே சொல்லிவிடுவாள், நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டில் டிவிக்கு மேலே ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. பெரிய தலைப்பாகை வைத்த ஒரு சின்னப் பையன் மட்டக்குதிரை மேல் உட்கார்ந்து அழப் பார்க்கிறான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நேரே பார்த்து நிற்கிறாள். போன வாரம் தம்பி அதைப் பார்த்துவிட்டு, அந்தக் குதிரையை எனக்கு ஏன் வாங்கித் தரவில்லை என்று கேட்டான். அது நாம் வாங்குகிற மாதிரியான குதிரை இல்லையடா என்று சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு விளங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களில் ஒருத்தி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள். இன்னொருவன் குதிரை மேலேயே உட்கார்ந்திருந்தும் ஒன்றும் ஞாபகம் இல்லாதவன். குழப்பம் வராமல் இருக்க உங்களை அக்கா, தம்பி என்றே எழுதுகிறேன். குதிரைக்கு அக்கா ஒரு பேர் வைத்திருந்தாள். அதை அதன் காதில் மட்டும்தான் சொல்லுவாள். ஆகவே நானும் அதை இங்கே எழுதவில்லை.

அப்போது நாம் பம்பாயில், லேபர் கேம்ப்பில் பழைய வீட்டில் இருந்தோம். கல்லி, அதாவது நம் சந்து, முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் குதிரைக்காரர் குதிரையைக் கட்டியிருப்பார், சித்தப்பா என்கிற முறையில் எல்லாரும் அவரைச் சாச்சா என்போம். சாச்சாவின் அப்பா காலத்திலேயே வடக்கேயிருந்து வந்து கேம்ப் ஓரத்தில் தங்கிவிட்டவர்கள். நம் ஆட்களோடு பிறந்து வளர்ந்ததால் சாச்சா தமிழ் நன்றாகவே பேசுவார், நடுவில் இந்தி வந்து விழும். முன்பு கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிற பெரிய வெள்ளைக் குதிரைகளெல்லாம் அவரிடம் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் போய், மிச்சம் இருந்தது இந்த மட்டக்குதிரை ஒன்றுதான். செம்பழுப்பு நிறம். நெற்றியில் பால் வழிந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. என் நெஞ்சு உயரம் இருக்கும். ஒரு காதின் நுனி கிழிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவார். ஆனால் சாச்சாவின் அடுப்பு எரிந்தது நம் தமிழ் ஆட்களின் காதுகுத்தால்தான். ஊரில் காதுகுத்துக்குக் குதிரையெல்லாம் கிடையாது, தாய்மாமன் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். இங்கே இந்திக்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையில் போவதைப் பார்த்துப் பார்த்து நம் ஆட்களுக்கும் ஆசை வந்துவிட்டது. முன்னால் மோளம், அதற்குப் பின்னால் குதிரையில் பிள்ளை, பக்கத்தில் மாமன், பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். ஒரு வீட்டுக்காரர் அப்படிச் செய்தால் அடுத்த வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

அக்கா அப்போது நாலாவது படித்தாள். வீட்டில் அவளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. தோசை வரத் தாமதமானால் தட்டைத் தட்டுவாள். தலை பின்னும்போது ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். அதே பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்குப் போய், அந்தக் குதிரையின் பிடரி மயிரில் சிக்கெடுக்க ஒரு மாலை முழுவதும் உட்காருவாள். அவள் பின்னல் ரிப்பனை அது தின்றது. அம்மா வேறு ரிப்பன் கட்டிவிட்டாள், அதையும் தின்றது. இந்திப் பாடத்தை அதற்குத்தான் வாசித்துக் காட்டுவாள். "தப்பா வாசிச்சாலும் இது சிரிக்காதுல்லா," என்று காரணம் சொன்னாள்.

ஒரு மழைக்காலத்தில் கல்லியில் முழங்கால் தண்ணீர். இவளைக் காணவில்லை என்று தேடிப் போனேன். கொட்டகைத் தகரம் ஒழுகிக்கொண்டிருந்தது. என் குடையைக் குதிரையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து நின்றாள். முதுகு நனைந்தால் அதற்கு ஒன்றும் இல்லையாம், காதில் தண்ணீர் போனால்தான் பிடிக்காதாம். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, தலையை ஆட்டுவதைப் பார்த்தாலே தெரியாதா என்று என்னையே கேட்டாள்.

அந்தக் குதிரை எல்லாரிடமும் அப்படி இல்லை. என்னை ஒரு முறை தோளில் கடித்துச் சட்டையைக் கிழித்தது. அதற்கும் அக்காவிடம் எனக்குத்தான் திட்டு விழுந்தது, பின்னால் வந்து நின்றால் அது என்ன செய்யும் என்று.

எதிர்வீட்டு அத்தையின் கடைசிப் பையனுக்குக் காதுகுத்து வந்தது. நம் கல்லியில் அந்த அத்தை குலவை போட்டால் ரோட்டில் போகிற பஸ் நிற்கும் என்று கேலி பேசுவார்கள். அவ்வளவு பெரிய குரல். ஊர்வலம் நன்றாகத்தான் கிளம்பியது. மோளம் அடித்தார்கள், வெடி போட்டார்கள், குதிரை பேசாமல் நடந்தது. கோயில் திருப்பத்துக்கு வந்ததும் அத்தையும் அவள் தங்கைமார்களும் குதிரைக்குப் பின்னால் நெருங்கி நின்று, ஒரே நேரத்தில் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள்.

குதிரை துள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது. சீர்த்தட்டுகள் கவிழ்ந்தன. வளையல் உருண்டு சாக்கடைக்குப் போனது. பையன் சரிந்துவிட்டான். அவனுடைய மாமன் இடுப்பைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தான். அடி ஒன்றும் இல்லை. ஆனால் பயத்தில் அவன் அழுத அழுகை நிற்கவே இல்லை. கடைசியில் வேறொரு நாள்தான் அவனுக்குக் காது குத்தினார்கள்.

வெடிதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். கண்ணேறு என்று சிலர். குதிரைக்கே பைத்தியம் என்று அத்தை கல்லி முழுவதும் சொல்லிவிட்டாள். அதன்பிறகு சாச்சாவை யாரும் காதுகுத்துக்குக் கூப்பிடவில்லை. மைதான வேலையை வைத்துக்கொண்டு புல்லும் கொள்ளும் வாங்க முடியுமா? செங்கல் சூளைக்காரன் ஒருவன் குதிரையைக் கேட்கிறான், தை கழிந்து வந்து கொண்டுபோவான் என்று சாச்சா என்னிடம் மெதுவாகச் சொன்னார். சூளைக்குப் போகிற குதிரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததுதான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மறுநாள் நான் பேக் தைக்கிற கார்கானாவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"எப்பா, அது வெடிக்குப் பயப்படல. வெடி போட்டப்ப காது முன்னாலதான் இருந்துச்சு. மோளத்துக்கும் முன்னாலதான். அத்தைங்க குலவை போட்டப்பதான் காது பின்னால படுத்துச்சு. நான் அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இந்திக்காரர் கல்யாணத்தில் குலவை கிடையாது. நம் காதுகுத்துகளிலும் பெண்கள் பின்னால் தள்ளித்தான் வருவார்கள், குதிரை அதை அவ்வளவு பக்கத்தில் கேட்டதே இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன், அவள் சொல்வது சரியாகத்தான் பட்டது. அன்று சாயந்திரம் இரண்டு பேரும் சாச்சாவிடம் போனோம். அவர் பீடியை அணைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அக்காவை அவர் பேட்டி, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

"பேட்டி, கொட்டகையில நின்னா போதாது. உங்க ஆளுங்க நம்பணும். ஒரு விசேஷத்துல, ஒரு பச்சா, சின்னப் பிள்ளை, மேல இருக்கும்போது, குலவைக்கு நிக்கணும். நின்னா நான் அந்த ஆளை வரவேணாம்னு சொல்லிர்றேன். ஆனா எவன் தன் பச்சாவை ஏத்துவான், போலோ, சொல்லு?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தை மாதம் தம்பிக்குக் காதுகுத்து வைத்திருந்தோம்.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தக் குதிரை மேல் என் பிள்ளையை ஏற்றினால் நான் அந்த மண்டபத்துக்கே வரமாட்டேன் என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அடுத்தவர் பிள்ளை சரிந்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். அதனால் நான் ஒன்று மட்டும் சொன்னேன். முதலில் பழக்கட்டும், பழகினால் நீ வந்து பார், உனக்குத் திருப்தி இல்லையென்றால் வேண்டாம். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு குழம்பைக் கிளறப் போனாள். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

அக்கா முதலில் என் மொபைலைக் கேட்டாள். கேம்ப்பில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய், பெண்கள் போட்ட குலவையைப் பதிவு செய்துகொண்டு வந்தாள். அதைக் குதிரையின் முகத்துக்கு நேரே வைத்துப் போட்டுக் காட்டினாள். முதல் நாள் குதிரை லேசாகப் பின்வாங்கியது. அடுத்தடுத்த நாட்களில் அது மொபைலைத் தின்னப் பார்த்ததே தவிரப் பயப்படவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். தெருவில் யாரோ ஒருத்தி விளையாட்டாக வாயால் ஒரு குலவை போட்டாள் பாருங்கள், குதிரை பின்னங்காலால் தகரத்தை உதைத்து ஓட்டை போட்டுவிட்டது. மொபைல் சத்தம் வேறு, மனுஷி சத்தம் வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் அவளே குலவை போடப் பழகினாள். பம்பாயில் பிறந்த பிள்ளைக்கு அது எங்கே வரும்? குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதுவும் பாதியில் இருமலாக முடியும். பையன்கள் கொட்டகைக்கு வெளியே நின்று, "குக்கர் வெந்துட்டா?" என்று கேட்டார்கள். "ஒங்க வீட்டுச் சோறு வெந்துட்டு, போய்த் தின்னுங்கல," என்று உள்ளே இருந்தபடியே பதில் கொடுத்தாள். இரவும் பகலும் அந்தச் சத்தம்தான் வீட்டில். குளிக்கும்போது குலவை, பாடப்புத்தகத்துக்கு அட்டை போடும்போது குலவை. தம்பி தொட்டிலில் கிடந்தபோது கேட்ட தாலாட்டெல்லாம் மறந்து, அக்காவின் குலவைக்குத்தான் கை தட்டுவான்.

சத்தம் ஒழுங்காக வந்ததும் ஒரு வழி செய்தாள். தூரத்தில் நின்று மெல்ல ஒரு குலவை, உடனே ஒரு கேரட் துண்டு. கொஞ்சம் பக்கத்தில் வந்து இன்னொன்று, இன்னொரு துண்டு. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேரட் வாங்கி வருவது என் வேலை. கார்கானாவில் இருந்து வரும்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் இறங்கி, வாடிப்போன கேரட்டாகப் பார்த்து ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வருவேன். குதிரைக்கா வீட்டுக்கா என்று கடைக்காரர் கேட்பார். வீட்டுக்கு என்றால் நல்லதைக் கொடுக்கலாம் என்று இருப்பார் போல.

ஒரு குரலுக்குக் குதிரை பழகிவிட்டது. ஆனால் ஊர்வலத்தில் ஒரு குரலா கேட்கும்? அக்கா வீடு வீடாகப் போனாள். தண்ணீர் பிடித்து முடித்த நேரம் பார்த்து, பெரியம்மா வாங்க, சித்தி வாங்க, ஒரே ஒரு குலவை போட்டுவிட்டுப் போங்க என்று கூப்பிட்டாள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி வந்தாள். ஒருத்தி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். கொஞ்ச நாளில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. சாயந்திரம் கொட்டகை வாசலில் பெண்கள் கூடி, ஆளுக்கொரு கேரட் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குலவை போடுவதும், யார் குரல் பெரிது என்று சண்டை பிடிப்பதும். குதிரை நடுவில் நின்று வாங்கி வாங்கித் தின்றது.

எதிர்வீட்டு அத்தை மட்டும் வரவில்லை. அக்கா அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் பின்னால் நின்றேன்.

"எம்பிள்ளைய உருட்டப் பாத்த குதிரைக்கு நான் வந்து குலவை போடணுமாக்கும்? நல்லா இருக்குட்டி ஒன் நியாயம்," என்றாள் அத்தை.

"ஒங்க குலவைக்குத்தான் அத்தை அது பயந்துச்சு. மத்தவங்க எல்லாரும் போட்டுட்டாங்க. ஒங்க குலவைக்கு நின்னாத்தான் அது நின்ன மாதிரி."

அத்தைக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் சாயந்திரம், கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு, சண்டைக்கு வருகிற மாதிரி வந்தாள். எல்லாரையும் ஒதுங்கச் சொன்னாள். மூச்சை இழுத்துப் போட்டாள் ஒரு குலவை. எனக்கே காது அடைத்தது. குதிரை உடம்பெல்லாம் ஒரு முறை நடுங்கியது. காது பின்னால் போனது. அக்கா கயிற்றை இழுக்கவில்லை. கழுத்தில் கையை வைத்து, அந்தப் பேரை அதன் காதில் சொன்னாள். காது மெதுவாக முன்னால் வந்தது. பிறகு அது ஒரு அடி எடுத்து வைத்து, அத்தையின் கையை மோந்து பார்த்தது. அத்தையின் கையில் கேரட் இல்லை.

"அதுக்கு ஏதாச்சும் குடுங்கட்டி, பாவம், நின்னுக்கிட்டு இருக்குல்லா," என்று அத்தை எல்லாரையும் பார்த்துச் சத்தம் போட்டாள்.

காதுகுத்துக்கு முந்தின வாரம் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தானாகவே கொட்டகைக்கு வந்தாள். நானும் அக்காவும் சாச்சாவும் இருந்தோம். அம்மா தம்பியை என்னிடம் கொடுத்தாள்.

"நான் போடுதேன். இது ஒரு அடி அங்க இங்க அசைஞ்சாலும் பேச்சே கிடையாது," என்றாள்.

அம்மா குலவை போட்டு நான் அதுவரை கேட்டதில்லை. குதிரைக்குப் பின்னால் போய் நின்று போட்டாள், அன்றைக்கு அத்தை நின்ற அதே மாதிரி. குதிரை அசையவில்லை. இன்னொரு முறை போட்டாள். அசையவில்லை. மூன்றாவது முறை போட்டபோது அது கழுத்தை மட்டும் வளைத்துத் திரும்பி, அம்மாவின் முந்தானையை வாயில் பிடித்து மெல்ல ஆரம்பித்துவிட்டது. அம்மா முந்தானையை உருவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தாள். தம்பியைத் தூக்கி அதன் மேல் உட்கார வைக்கச் சொன்னாள். அந்த இடத்தில் அக்கா அழுதாள். அதுவரை அடக்கி வைத்திருந்தாள் போல.

காதுகுத்து நாள் காலையில் பக்கத்து ஏரியா ஆன்டாப் ஹில்லில் இருந்து மாமா சீரோடு வந்து இறங்கினார். உங்கள் மாமாவுக்கு எதையும் குறையாகச் செய்யத் தெரியாது. ஆப்பிள் மட்டுமே ஒரு பெரிய தாம்பாளத்தில் கோபுரமாக அடுக்கியிருந்தார். அவரோடு வந்த பெண்களும் நிறைய. குதிரைக்கு நெற்றியில் சந்தனம் வைத்து, கழுத்தில் கதம்பம் போட்டு நிறுத்தியிருந்தோம். தம்பிக்குத் தலைப்பாகை கண்ணை மறைத்தது. சாச்சா ஒரு பக்கம் அவன் காலைப் பிடித்துக்கொண்டார், மாமா இன்னொரு பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கயிறு அக்கா கையில். கல்லியில் மாடி ஏணியில் எல்லாம் ஆட்கள். பாதிப் பேர் குழந்தையைப் பார்க்க வரவில்லை, குதிரை என்ன செய்யப் போகிறது என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள். 

கோயில் திருப்பம் வந்தது. கேம்ப் பெண்களும் ஆன்டாப் ஹில் பெண்களும் சேர்ந்து குலவை போட்டார்கள். அவ்வளவு பெரிய குலவையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

குதிரை நின்றது. சிலை மாதிரி நின்றது. தம்பி தலைப்பாகைக்குள் இருந்து கை தட்டினான். கூட்டம் முழுவதும் ஓவென்று சிரித்தது. சாச்சா என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

சரி, நின்றுவிட்டது. இனி நடக்க வேண்டுமே. நடக்கவில்லை. மோளக்காரர் முன்னால் போய்விட்டார்கள். பின்னால் டாக்சிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். குதிரை அசையாமல், பெண்கள் கூட்டத்தைப் பார்த்து முகத்தை நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடி பயந்துவிட்டதோ என்று நினைத்தேன். அக்கா மட்டும் சிரித்தாள். நாங்கள் செய்திருந்த தப்பு அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. குலவை போட்டால் நின்று கேரட் வாங்க வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதற்குப் பழக்கியிருந்தோம். அது தன் பங்கைச் செய்துவிட்டது. எங்கள் பங்குக்குக் காத்துக்கொண்டிருந்தது. பட்டுச்சேலை கட்டி வந்த பெண்கள் ஒருத்தி கையிலும் கேரட் இல்லை.

"மாமா, ஒரு ஆப்பிள் தாங்க," என்றாள் அக்கா.

சீர்த்தட்டில் வைத்ததை, சபையில் இறக்கி வைக்கும் முன் யாரும் தொடக்கூடாது. அது மாமனின் மரியாதை. ஆன்டாப் ஹில் பெரியவர்கள் முகம் மாறியது. மாமா ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தின் உச்சியில் இருந்த பெரிய ஆப்பிளை எடுத்துக் கொடுத்தார்.

"முதல் சீர் வாகனத்துக்கு. என் மருமவனைச் சுமக்குதுல்லா," என்றார்.

குதிரை ஆப்பிளைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. தின்று முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே நடந்தது. பெண்களுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. பத்தடிக்கு ஒரு குலவை போட்டார்கள். குலவை போட்டால் குதிரை நிற்கும், மாமா ஒரு ஆப்பிளை எடுப்பார், அக்கா அதைக் கடித்து உடைத்துத் துண்டு கொடுப்பாள். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாம்பாளத்தில் ஆப்பிள் கோபுரம் இல்லை, அடியில் விரித்த பட்டுத்துணிதான் இருந்தது. மாமா அந்த வெறும் தாம்பாளத்தையே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். எதிர்வீட்டு அத்தை கடைசியாகத் தனியாக ஒரு குலவை போட்டாள். குதிரை அவளிடமே போய் நின்றது. தன் இடுப்பில் செருகியிருந்த கேரட் துண்டை அவள் எடுத்து நீட்டியபோதுதான், கொண்டு வந்தவள் அவள் ஒருத்தி மட்டும்தான் என்று தெரிந்தது.

தம்பி மாமா மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது மட்டும் அழுதான். அந்தப் போட்டோ அதற்குச் சற்று முன்னால், அவனைக் குதிரையிலிருந்து இறக்கப் போனபோது எடுத்தது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதே ஆன்டாப் ஹில் ஆட்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் சாச்சாவைப் பிடித்துக்கொண்டு, மாசியில் எங்கள் வீட்டில் விசேஷம், குலவைக்கு நிற்கிற இந்தக் குதிரைதான் வேண்டும் என்று பேசி முடித்தார்கள். சாச்சா கை கழுவிவிட்டு அக்காவிடம் வந்தார்.

"அந்த ஆளுக்குப் போன் போட்டுட்டேன் பேட்டி. வரவேணாம்னு சொல்லிட்டேன். இது இங்கதான் இருக்கும்."

அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். வெளியே ஓடிப்போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கையில் இருந்த சாம்பார் எல்லாம் அதன் பிடரியில் ஒட்டியது. யாரும் அவளைத் திட்டவில்லை. அம்மாகூட.

அந்தக் குதிரை அதன்பிறகு எத்தனையோ பிள்ளைகளைச் சுமந்துவிட்டது. குலவை போடுகிறவர்கள் கையில் கேரட் வைத்திருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் கேம்ப்பில் வழக்கமாக இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு ஏனென்று தெரியாது, ஆனால் வைத்திருக்கிறார்கள். தம்பி, நீ கேட்டாயே, ஏன் வாங்கித் தரவில்லை என்று. உன் அக்கா அதை யாரிடமிருந்தும் வாங்கவில்லை. ஆனாலும் அது அவளுடையதுதான்.

இன்னும் ஒன்று மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். இதை நான் உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்று மத்தியானம் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நீங்கள் இருவரும் களைத்துத் தூங்கிவிட்டீர்கள். மண்டபத்தைக் காலி செய்யப் போனவன், கடைசிப் பந்திக்கு நறுக்கி மிச்சமான ஒரு தலைவாழை இலையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சாச்சா இல்லை. தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து இலையைப் போட்டேன். அவித்த கொண்டைக்கடலை, வெல்லம், உரித்த வாழைப்பழம் என்று வரிசையாக வைத்தேன். விசேஷ வீட்டுக்காரன் பந்தியில் நிற்கிற மாதிரி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். குதிரை குனிந்து மோந்து பார்த்தது. கடலையை விட்டுவிட்டு, முதலில் இலையைத்தான் தின்ன ஆரம்பித்தது. அது தின்று முடிக்கும்வரை நான் நின்றேன்.